ஊவா மலை ஏறிய நார்த்தங்காய் ஜாடி

கடல் தாண்டிப் போகிறவர்கள் பெட்டியும் படுக்கையுமாகப் போவார்கள். நான் ஒரு நார்த்தங்காய் ஜாடியைக் கட்டிக்கொண்டு போனேன்.

இடுப்பில் உட்காரும் குழந்தை அளவு ஜாடி. தோள்வரைக்கும் பழுப்பு, அதற்குக் கீழே மங்கின வெள்ளை, இரண்டு பக்கமும் காது போலப் பிடி. உள்ளே என் அம்மா இரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்து ஊறவைத்த உப்பு நார்த்தங்காய். வாய்க்குத் துணியால் வேடு கட்டி, அதன்மேல் கறுப்புக் கயிற்றைச் சுற்றோ சுற்றென்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். கயிறு கண்ணேறு படாமல் இருக்க. "இந்தக் கயிறைச் செல்லம் கையாலதான் அவுக்கணும். வேற ஒருத்தரும் தொடக் கூடாது, நீயும்தான்" என்றாள்.

செல்லம் என் ஒரே தங்கை. மதுரையில் பிறந்து வளர்ந்தவள், இலங்கையில் நமுனுகுல மலைச்சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கணக்கப்பிள்ளை என்றால் ஆட்களின் வேலையைப் பார்த்துப் பேர் போடுகிறவர். போன இடத்தில் இரண்டு தரம் உண்டாகி, இரண்டு தரமும் தங்கவில்லை. இப்போது மூன்றாவது. ஏழாம் மாசம் நடக்கிறது என்று ஊருக்கு வந்த ஆள் சொன்னதும் அம்மா என்னைத் துரத்த ஆரம்பித்துவிட்டாள். "ஏழு முடியறதுக்குள்ள கூட்டிக்கிட்டு வந்துரு. எட்டு பொறந்துட்டா அவ மாமியா பயணம் வைக்க விடமாட்டா. இந்தப் புள்ளையாவது என் வீட்டுல, என் கண்ணு முன்னால பொறக்கட்டும்." எட்டாம் மாசத்துப் பிரசவம் என்றால் எங்கள் பக்கத்தில் பேச்சையே மாற்றிவிடுவார்கள். ஏழில் பிறந்ததுகூடத் தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்று ஒரு பயம்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் எனக்குப் பீங்கான் ஜாடிக் கடை. கண்ணாடி போல் மெலிந்த தேநீர்க் கோப்பைகள் என்னிடம் கிடையாது. கல் போலக் கனக்கும் ஜாடிகள்தான். உப்பு அரிக்காது, புளி தின்னாது, எண்ணெய் கசியாது. மாவடுவுக்கு ஒன்று, புளிக்கு ஒன்று, நெய்க்கு ஒன்று என்று ஒரு வீட்டுக்குள் நாலைந்து நுழைத்துவிடுவேன். ஆனால் கடைக்கு வரும் பெண்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: "இது மண்ணா, உலோகமா?" தீட்டுப் பட்டால் மண்பானையை உடைத்துப் போடவேண்டும், பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம். ஜாடி எந்தச் சாதி? இதற்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன்: "மண்தாம்மா. ஆனா நெருப்பு அதை மாத்திப்புடுச்சு. ஒரு சொட்டு உள்ளே இறங்காது. உள்ளே இறங்காதது ஒட்டாது. கழுவினால் போச்சு." நன்றாக விற்கும் பதில். அது மெய்யா பொய்யா என்று நான் உட்கார்ந்து யோசித்தது கிடையாது.

ரயில் மலை ஏற ஏற எனக்கு உடம்பு உதற ஆரம்பித்தது. மதுரையில் கார்த்திகை மாசம் என்றால் விசிறியைக் கொஞ்சம் மெதுவாக ஆட்டுவோம், அவ்வளவுதான். இங்கே ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். இறங்கும்போது எனக்கு விரல்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளவேண்டியிருந்தது. ஜாடியை மட்டும் விடவில்லை.

பண்டாரவளைக் கடைத்தெருவில் மாப்பிள்ளையின் தோட்டத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு முஸ்லிம் வியாபாரி இருந்தார். எல்லாரும் அவரை, அண்ணன் என்கிற அர்த்தத்தில், நானா என்றுதான் கூப்பிட்டார்கள். அன்று அவர் வீட்டில் தங்கினேன். நான் ஒரு பிடிவாதக்காரன்; ஊர் விட்டு ஊர் போனால் என் சொம்புத் தண்ணீர், என் கட்டுச்சோறு. அவர் வீட்டில் தேங்காய்ப்பால் மணத்தோடு ஏதோ கொதிக்கிறது, நான் மூலையில் உட்கார்ந்து விறைத்துப்போன புளிச்சோற்றைப் பிட்டுத் தின்றுகொண்டிருக்கிறேன். நானா கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டு வந்து வைத்து, "பழத்துக்கு ஒண்டும் இல்லதானே மொதலாளி, சாப்பிடுங்க" என்றார்.

படுக்கப் போகும்போது என் கால்மாட்டில் துண்டில் சுற்றின ஏதோ ஒன்று கிடந்தது. தொட்டேன், சுட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு போத்தல். நம் ஊரில் புட்டி என்போம், இங்கே போத்தல். கண்ணாடிப் போத்தல் அல்ல, என் ஜாடியின் தம்பி மாதிரி: தோள் பழுப்பு, உடம்பு வெள்ளை, கல் கனம். தோட்டத்துத் துரைமார்கள் இஞ்சி பானம் குடித்துவிட்டு எறியும் போத்தலாம். இவர்கள் அதில் வெந்நீர் ஊற்றித் தக்கை அடைத்துப் படுக்கைக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

"குளிருக்கு நல்லம்" என்றார் நானா. "விடியும் மட்டும் சூடு போகாது."

அந்நிய வீட்டுப் பாத்திரம், யார் யார் வாய் வைத்ததோ. கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, கால் என்ன சாப்பிடவா போகிறது என்று நீட்டிவிட்டேன். அப்படி ஒரு தூக்கத்தை நான் என் கல்யாணத்துக்கு முந்திகூடத் தூங்கினதில்லை. இத்தனை வருஷமாக ஜாடி விற்கிறேன், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சொல்லி ஒன்றுகூட விற்றதில்லை. மதுரையில் அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். காலையில் புறப்படும்போது அந்தப் போத்தலை நானா என் கையிலேயே கொடுத்துவிட்டார். தோளில் மாட்டியிருந்த துணி மூட்டையில் சொம்போடு சேர்த்துச் சொருகிக்கொண்டேன்.

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு மாட்டு வண்டி. வண்டி முழுக்கச் சிங்களவர்கள், நான் ஒருவன்தான் வேற்றாள். மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்ந்தது. நான் இரண்டு கையாலும் ஜாடியைக் கட்டிக்கொண்டேன், என் தகரப் பெட்டி என்னைப் பார்த்துக்கொண்டே சரிவில் உருண்டு போனது. எனக்கு எதிரே இருந்த கிழவர் ஏதோ சொல்ல, வண்டியே சிரித்தது. தமிழ் தெரிந்த ஒருவரிடம் என்னவென்று கேட்டேன். "புதுப் பெண்டாட்டியைக்கூட இப்படி யாரும் பிடிக்கமாட்டார்கள் என்கிறார்" என்றார். எனக்கு முதலில் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கிழவரே சேற்றில் இறங்கி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். இரண்டு வேட்டி மிஞ்சின.

பதுளை ஊவா மலைநாட்டுக்கே தலைநகரம், அழகான ஊர். கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பெரிய கடைவீதி, அதைச் சுற்றிலும் மலை. நான் அதை ரசிக்கும் நிலையில் இல்லை. நமுனுகுல போகும் பாதையில் மண் சரிந்துவிட்டது, வண்டி போகாது என்றார்கள். விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டு கடைவீதியில் அங்கும் இங்கும் நடந்தேன். எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் எட்டிப் பார்த்தாலும் மாசிக் கருவாட்டு வாசனை. கருவாட்டைத் தூளாக்கித் தேங்காயில் பிசைந்து சம்பல் என்கிறார்கள், அதைக் கீரைமேலும் தூவுகிறார்கள். பழத்திலும் அவலிலும் பொழுதை ஓட்டினேன். கடைசியில் பாதை திறக்காமலே, அரிசி மூட்டை தூக்கிப் போகும் தோட்டத்து ஆட்களோடு சேர்ந்து நடக்கத் துணிந்தேன். ஒருவன் என் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டான். "ஜாடியையும் குடுங்க ஐயா" என்றான். கொடுக்கவில்லை. அட்டை இரண்டு காலையும் பிடுங்கிச் சாப்பிட, தேயிலைச் செடிகளுக்கு நடுவே தட்டுத் தடுமாறி ஏறினேன்.

வாசலிலேயே செல்லத்தின் மாமியார் நின்றிருந்தார். நல்ல மனுஷி, ஆனால் ஆசாரம் என்று வந்துவிட்டால் கல். என்னைப் பார்த்து முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"வாங்க தம்பி. இவ்வளவு தூரம் வந்து என்ன பிரயோசனம்? நேத்தே எட்டு பொறந்துருச்சே."

ஒரு நாள் பிந்திவிட்டேன். பதுளைக் கடைவீதியில் நடந்த நடையை நேராக மலைமேல் நடந்திருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டேன். இனி ஒன்பது பிறக்கும்வரை செல்லத்தை நகர்த்த முடியாது. செல்லம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், கறுப்புக் கயிற்றைத் தடவிப் பார்த்தாள். "அம்மா முடிச்சு" என்றாள். பிறகு அழுதாள். வயிறு மட்டும்தான் இருந்தது, மற்றபடி அவள் பாதியாகிவிட்டிருந்தாள்.

"ஜாடியை இப்பத் தொறக்க வேணாம். நல்லபடியாப் பெத்து எந்திரிச்சு அவுத்துக்குவா" என்றார் செல்லத்தின் மாமியார். எனக்கும் அவர் அத்தை முறைதான். நானும் சரி என்றேன்.

தோட்டம் எனக்குப் புதுசு. விடியும் முன்னே தப்பு அடிப்பார்கள். ஆட்கள் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் போய் வரிசையாக நிற்கவேண்டும். மாப்பிள்ளை கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடுவார். ஆட்கள் குடியிருக்கும் நீளமான வரிசை வீடுகளை லயம் என்கிறார்கள். கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் மேல் லயம். ஓடைக்கு அந்தப் பக்கம் கீழ் லயம். நடுவில் ஓடை மட்டும் இல்லை என்பது எனக்குச் சொல்லாமலே விளங்கியது. மேல் லயத்துக்காரர்கள் தண்ணீரை ஓடையின் மேல்பக்கத்தில் எடுப்பார்கள், கீழ் லயத்துக்காரர்கள் கீழ்ப்பக்கத்தில். ஊரைவிட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள் இதையும் மறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. நானும் சொம்போடு வந்தவன்தானே.

நான் போய் ஒரு வாரம் ஆகியிருக்காது. மத்தியானம் செல்லம் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலி. அத்தை கீழ் லயத்துக்கு ஆள் அனுப்பிக் காத்தாயியைக் கூப்பிட்டார். தோட்டத்துக்கே பிரசவம் பார்ப்பவள் காத்தாயிதான். நானும் மாப்பிள்ளையும் வெளியே விறகுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தோம். பிரசவ அறைக்குள் ஆண்பிள்ளை நுழையக் கூடாது. மழை விடாமல் பெய்தது. மாப்பிள்ளை அடுக்கின விறகையே கலைத்துத் திரும்பத் திரும்ப அடுக்கினார். அவருக்கு இது மூன்றாவது தடவை.

பொழுது சாய்வதற்குள் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்கவில்லை. பிறகு, பூனைக்குட்டி கத்துவது போல ஒரு முனகல் கேட்டது. காத்தாயி வெளியே வந்து, "ஆம்பளப் புள்ளைங்க. உசுரு இருக்கு. ஆனா ரொம்பப் பொடிசு, கையும் காலும் சில்லுனு கெடக்கு" என்றாள். உள்ளே அத்தை கணப்புச் சட்டியில் கரி போட்டு ஊதிக்கொண்டிருந்தார். ஜன்னல் இல்லாத அறை. புகை கதவு வழியாக எங்கள் முகத்தில் வந்து அடித்தது.

தோட்டத்து மருந்துச்சாலைக்காரர் நனைந்துகொண்டு வந்தார். யாழ்ப்பாணத்து மனுஷர். வைத்தியம் பார்ப்பவர் என்பதால் அவரை மட்டும் அத்தை உள்ளே விட்டார். பார்த்துவிட்டு வெளியே வந்து மாப்பிள்ளையிடம் சொன்னார்: "பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் எண்டால் ரோட்டு இல்லை. இந்தக் குளிரிலை தூக்கிக்கொண்டு நடக்கவும் ஏலாது. சூடு குறையப்படாது, அதுதான் முக்கியம். ஆனால் இந்தப் புகையை உடனை நிப்பாட்டுங்கோ. பிள்ளைக்கு மூச்சு விடவே பலம் காணாது."

சூடு வேண்டும், நெருப்பு கூடாது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். என் கால் எனக்கு ஞாபகம் வந்தது. பண்டாரவளையில் துண்டுக்குள் கிடந்த சூடு.

ஓடிப்போய் என் மூட்டையிலிருந்து நானா கொடுத்த கல் போத்தலை எடுத்தேன். மருந்துச்சாலைக்காரர் அதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "நல்ல யோசனை. ஆனால் ஒண்டு போதாது. ஒண்டு ஆற ஆற மற்றது வேணும், சுத்திவர வைக்கவேணும். துணி சுத்தாமல் கிட்ட வைக்காதேயுங்கோ."

அத்தையிடம் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்த போத்தல் ஒன்று இருந்தது. மேல் லயத்தில் விசாரித்தால் இன்னும் மூன்று நான்கு. காத்தாயி சொன்னாள்: "எங்க லயத்துல வீட்டுக்கு ஒண்ணு கெடக்குங்க ஐயா. பங்களாவுல வீசுறதை எடுத்துட்டு வந்து மண்ணெண்ணெய் ஊத்தி வப்போம், தேன் ஊத்தி வப்போம். இப்பவே கொண்டாறேன்."

அத்தை வாசல்படியில் வந்து நின்றார். "கீழ் லயத்துப் போத்தல் என் வீட்டுக்குள்ள வரதாவது?"

பிள்ளையை எடுத்துப் போட்ட காத்தாயியின் கை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அவள் அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். உள்ளே அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் ஒரு தரம் வந்து நின்றது.

அத்தை என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க ஜாடிக்காரர். உண்மையைச் சொல்லுங்க. இது மண்ணா, பித்தளையா?"

ஆயிரம் தடவை சொன்ன பதில். கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டியபடி சொல்வேன். இப்போது அதே வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கவேண்டியிருந்தது. "மண்தான் அத்தை" என்றேன். "ஆனா நெருப்பு அதை மாத்திப்புடுச்சு. ஒரு சொட்டு உள்ள இறங்காது. உள்ள இறங்காதது ஒட்டாது. கழுவுனா போச்சு. என் அம்மா மேல சத்தியம்."

காத்தாயி என்னை நிமிர்ந்து பார்த்தாள். முந்தின நாள் மலைப்பாதையில் அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று சொம்பைக் காட்டினவன் நான். அவளுக்கு அது ஞாபகம் இருந்தது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எனக்கு முகம் சுட்டது.

அத்தை கடைசியில் இறங்கி வந்தார். "சரி, கொண்டாரச் சொல்லுங்க. ஆனா கீழ் லயத்துப் போத்தலுக்கெல்லாம் அடையாளம் கட்டணும். தீட்டுக் கழிக்கிற அன்னைக்கு அதெல்லாம் தனியா எடுத்துக் குடுத்துரணும். மாறிப்போயி ஒண்ணுகூட என் வீட்டுல தங்கப்படாது."

அடையாளம் கட்டக் கயிறு வேண்டும். வீட்டில் தேடுகிறேன், ஒரு நூலும் கிடைக்கவில்லை. அறைக்குள்ளிருந்து செல்லத்தின் குரல் வந்தது, பிசிர் பிசிராக.

"அண்ணே, ஜாடியில அம்மா கட்டுன கயிறு இருக்குல்ல. அதை அறுத்துக் கட்டு."

"அதை நீதான் அவுக்கணும்னு..."

"நான் சொல்லித்தானே அறுக்கிற. நார்த்தங்காயைப் போத்தல் குடுக்கிறவுங்களுக்கெல்லாம் குடுத்துரு. எம் புள்ள சும்மா வாங்கிக்கிட்டதா இருக்க வேணாம்."

அறுத்தேன். இரண்டு வருஷத்து மணம் குப்பென்று எழுந்தது, மதுரையில் எங்கள் அடுக்களையே வந்து நின்ற மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரத்தைக் குற்றம் சொல்ல முடியாது, நார்த்தங்காயில் காரமே கிடையாது. மேலே, கீழே இரண்டு லயத்துப் பெண்களும் மழையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள். போத்தல் இந்தப் பக்கம் வர, நார்த்தங்காய் அந்தப் பக்கம் போனது. சிரட்டையிலும் தேக்கிலையிலும் வாங்கிக்கொண்டு போனார்கள். கீழ் லயத்துப் போத்தலின் கழுத்திலெல்லாம் நான் ஒரு துண்டு கறுப்புக் கயிற்றைக் கட்டினேன். காத்தாயி தன் வீட்டிலிருந்து கொண்டு வந்ததில் வாய் ஓரம் பிறை மாதிரி உடைந்திருந்தது. அதற்கும் கட்டினேன்.

அதிலிருந்து விறகுக் கொட்டகைதான் என் கடை. கல் பீங்கானாக இருந்தாலும் எடுத்த எடுப்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் விரிசல் விட்டுவிடும். முதலில் வெதுவெதுப்பு, பிறகு சூடு. தக்கையை அடைத்து, தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா என்று பார்த்து, துணி சுற்றிக் கதவோரம் வைத்தால் காத்தாயியின் கை வந்து எடுத்துக்கொள்ளும். ஆறினது வெளியே வரும். மரப் பெட்டிக்குள் பஞ்சுத் தலையணை, அதில் குழந்தை, சுற்றிலும் போத்தல்கள். நான் கண்ணால் பார்க்கவில்லை, காத்தாயி சொல்லித்தான் தெரியும். வாயில் பஞ்சால் தொட்டு வைத்த பாலைச் சப்பினான் என்பாள். கால் இன்னும் சில்லென்று இருக்கிறது என்பாள். பாதி நேரம் மாப்பிள்ளை தண்ணீர் காய்ச்சினார், பாதி நேரம் நான். பெரட்டுக்குப் போகும் ஆட்கள் ஆளுக்கொரு விறகைக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனார்கள்.

என் மருமகனை நான் காதால்தான் வளர்த்தேன். முனகல் வந்தால் தண்ணீரை வேகமாக ஊற்றுவேன். வராவிட்டால் எனக்கு ஓடாது, கதவருகில் போய்ச் சும்மா இருமுவேன். அத்தை உள்ளேயிருந்து, "இருக்கான், இருக்கான், போய் வேலையைப் பாருங்க" என்பார்.

ஒரு விஷயம் எனக்கு எரிச்சலாக இருந்தது. வெளியே வரும் போத்தல்களில் கயிறுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வெந்நீரில் ஊறி அவிழ்ந்துவிடுகிறது போல என்று நினைத்தேன். நல்ல கயிறாக வாங்காமல் எதையோ மலிவாக வாங்கியிருக்கிறாள் என்று அம்மாவை மனசுக்குள் திட்டினேன். திரும்பக் கட்டக் கயிறு இல்லை, நேரமும் இல்லை.

மழை விட்டு முதல் வெயில் வந்த காலையில் சத்தம் ஒன்று கேட்டது. முனகல் அல்ல, அழுகை. கோபமான, நீளமான, உரிமையான அழுகை. கொட்டகையைத் தாண்டி ஓடைவரைக்கும் கேட்டிருக்கும். மாப்பிள்ளை கையில் இருந்த வெந்நீர்ச் செம்பைக் கீழே போட்டார். என் காலில்தான் கொட்டியது. இரண்டு பேரும் அதை அப்புறம்தான் கவனித்தோம். காத்தாயி வெளியே வந்து, "இனிமே பயமில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். எத்தனை நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லையோ. தன் வீட்டிலிருந்து வந்திருந்த சாயத்தண்ணீரைச் சிரட்டையில் ஊற்றிக் குடிக்கப் போனாள். எனக்கும் தொண்டை வறண்டிருந்தது. "எனக்கும் கொஞ்சம் ஊத்து" என்றேன். அவள் ஒரு கணம் தயங்கினாள், பிறகு ஊற்றினாள். பாலில்லாத தேயிலைத் தண்ணீர், கடிக்க ஒரு துண்டு கித்துள் வெல்லம், கித்துள் என்பது அங்கத்திப் பனை. மலைக்கு வந்து அன்றைக்குத்தான் தேயிலை ருசி தெரிந்தது.

முப்பதாம் நாள் தீட்டுக் கழித்தார்கள். வீடு மெழுகி, துணி வெளுத்து, பிரசவ அறையில் புழங்கின மண்சட்டிகளை அத்தை கொண்டுபோய் உடைத்தார். கல் போத்தல்களை ஓடையில் கழுவி வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருந்தோம். வாங்கிப்போக இரண்டு லயத்துப் பெண்களும் வந்து நின்றார்கள். எல்லாப் போத்தலும் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே தோள். ஒன்றின் கழுத்திலும் கயிறு இல்லை.

"தம்பி, கட்டுன கயிறெல்லாம் எங்க?" என்றார் அத்தை. "எது கீழ் லயத்துது? நீங்கதான் ஜாடிக்காரராச்சே, பார்த்துச் சொல்லுங்க."

எனக்குச் சொல்லத் தெரியும். இத்தனை நாள் அவற்றோடு குடித்தனம் நடத்தினவன். கறுப்புப் புள்ளி வைத்தது எது, அடி கோணினது எது, பிறை மாதிரி வாய் உடைந்தது எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வேன். தொழில் பெருமை வேறு தொண்டைவரை வந்துவிட்டது. விரலை நீட்டினேன்.

அப்போது செல்லம் குளிப்பாட்டின குழந்தையை எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தாள். அதுதான் நான் அவனை முதலில் பார்த்தது. சின்ன உடம்பு, சிவந்த கால், யாரையோ அதட்டுவது போல் சுருக்கின முகம். இடுப்பில் புது அரைஞாண். கறுப்புக் கயிறு. நல்ல திரித்த கயிறாக இருந்தால் முடிச்சு இருக்காது, இதில் விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சு. துண்டு துண்டாக இணைத்துத் திரித்திருந்தாள். என் அம்மா மதுரையில் ஜாடிக்குச் சுற்றின கயிறு. நான் அறுத்து ஒவ்வொரு போத்தல் கழுத்திலும் கட்டின கயிறு.

செல்லம் என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் எதையாவது மறைக்கும்போது சின்ன வயசில் என்னைப் பார்ப்பாளே, அதே பார்வை.

நீட்டின விரலை மடக்கிக்கொண்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியலை அத்தை" என்றேன். "எல்லாம் ஒரே சூளையில வெந்தது."

அத்தை கொஞ்ச நேரம் போத்தல்களை உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். அவன் மறுபடியும் அழ ஆரம்பித்திருந்தான். "சரி, எதுவா இருந்தா என்ன, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. புள்ளை பசிக்கு அழுவுறான்" என்று சொல்லிவிட்டு, தனக்கென்று ஒன்றை முதலில் எடுத்தார். வாய் ஓரம் பிறை மாதிரி உடைந்தது. "இது கைக்கு அடக்கமா இருக்கு. புள்ளைக்கு விளக்கெண்ணெய் ஊத்தி வச்சுக்கறேன்" என்றார். காத்தாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

செல்லத்தையும் குழந்தையையும் வெயில் காலம் வந்த பிறகு மாப்பிள்ளையே கூட்டிவருவதாகப் பேச்சு. ஜாடியை அங்கேயே விட்டுவிட்டேன். அத்தை அதில் குழந்தைக்குக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் வைக்கிறார். வெறுங்கையோடு மலை இறங்கினேன். பண்டாரவளையில் நானா வீட்டில் தேங்காய்ப்பாலில் என்ன கொதிக்கிறது என்று நானாகவே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இலை போட்டார்.

மதுரையில் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். குழந்தை நலம் என்று முன்னாலேயே சேதி போயிருந்தது. ஆனாலும் தன் வீட்டில் பிறக்கவில்லையே என்று ஒரு மனத்தாங்கல். தன் கண்ணு முன்னால ஒண்ணும் நடக்கலையே, தன் கை ஒண்ணுக்கும் உதவலையே என்று புலம்பினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜாடிக் கயிறை யாருடா அவுத்தது?" என்றாள்.

"செல்லம்தாம்மா" என்றேன். "ஒவ்வொண்ணா, அவ கையாலதான் அவுத்தா."

"அவுத்து எங்க போட்டா?"

"உன் பேரன் இடுப்புல கட்டிருக்கா."